நாள் தள்ளிப்போகும் முன்பே தர வேண்டிய மாத்திரை

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலி, இன்னும் அதேதான். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை பற்றி இந்த மடலை எழுதக் காரணம் மாதாமாதம் முதல் வாரத்தில் என் கடைக்கு வரும் ஒரு அப்பா.

அவர் சீட்டு எதுவும் கொண்டுவர மாட்டார். அவர் வாங்குவது எல்லாமே எனக்கு மனப்பாடம். 8-ம் எண் கதீட்டர், மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி, பஞ்சு, டயப்பர். அவர் மகளுக்கு 11 வயது. பிறந்தபோது இடுப்புக்கு மேலே முதுகில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அதை 'ஸ்பைனா பைஃபிடா' என்பார்கள். முதுகெலும்பு மூடாமல் விட்ட இடம் அது. பிறந்த மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. அப்புறம் தலையில் நீர் கோத்து, அதை வயிற்றுக்கு இறக்கிவிட ஒரு குழாய் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சிறுநீரை நாளைக்கு நான்கைந்து முறை குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும். போன சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கால் வெந்துபோனதுகூடத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கேரம் ஆடினால் அப்பாவை ஜெயித்துவிடுவாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும்.

ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவர் கேட்டார்: "அக்கா, எங்க வீட்ல சத்து மாத்திரைய ஒண்ணுகூட விடாம சாப்பிட்டுச்சு. நானே எண்ணிப் பார்ப்பேன். அப்புறம் ஏங்க்கா இப்படி ஆச்சு?"

பதில் எனக்குத் தெரியும். அவர் மனைவி மாத்திரை சாப்பிட ஆரம்பித்தது பத்தாவது வாரத்தில். அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான ஒரு பட்டையாக இருந்து, ஓரங்கள் மேலெழுந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாக மாறுகின்றன. இதுதான் நரம்புக்குழல். இது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் உதவுகிறது. கரு உருவானதிலிருந்து 28 நாளுக்குள் இது மூடி முடிந்துவிடும். கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு. மேல்பக்கம் மூடாவிட்டால் மண்டையும் மூளையும் உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது.

28 நாள் என்பதை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கரு உருவாகி இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகும். "அலைச்சலா இருக்கும், பார்ப்போம்" என்று ஒரு வாரம் விடுவாள். பிறகு யாருக்கும் தெரியாமல் என் கடையில் கார்டு வாங்குவாள். இரண்டு கோடு தெரிந்ததும் கணவனிடம் சொல்லி, அவன் அம்மாவிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நல்ல நாள் பார்ப்பதற்குள் அந்தக் குழல் மூடியிருக்கும், அல்லது மூடாமலே விட்டிருக்கும். "மூணு மாசம் முடியட்டும், அதுவரை வெளியே சொல்லாதே" என்ற வழக்கமும் இருக்கிறது. நம் துறை 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய்க்கும் அதுதான் கணக்கு. ரத்தசோகைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 12 வாரம் நல்ல கெடுதான். நரம்புக்குழலுக்கு அது ஒன்றரை மாதம் தாமதம்.

கர்ப்பிணிக்கு மாத்திரை தருவதை நான் குறை சொல்லவில்லை. கிராம சுகாதார செவிலியர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பவள் நான். அந்த மாத்திரையில் இருக்கும் இரும்புச்சத்து எத்தனையோ பிரசவங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் செய்ய வேண்டிய இன்னொரு வேலைக்குத்தான் ஆள் போய்ச் சேர்வதற்குள் பேருந்து புறப்பட்டுவிடுகிறது.

"செயற்கை வைட்டமின் எதற்கு? முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் சாப்பிட்டால் போதாதா?" என்று கடையில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஃபோலேட் சத்து கீரையில் நிறையவே இருக்கிறது. ஆனால் அது ஒரு மென்மையான சரக்கு. வெப்பம் பட்டால் அழியும். தண்ணீரில் கரைந்து வெளியேறும். நாம் கீரையை நறுக்கி, அலசி, வேகவைத்து, வடித்து, கடைந்து தட்டில் போடுவதற்குள் பாதிக்கு மேல் போய்விடலாம். மிச்சமிருப்பதும் குளூட்டமிக் அமிலங்கள் கோத்த ஒரு வாலோடு இருக்கிறது. குடல் அந்த வாலை நறுக்கித்தான் உள்ளே விடும், அதிலும் பாதியளவே சேரும். ஃபோலிக் ஆசிட் அதே சத்தின் உறுதியான வடிவம். வால் ஒற்றை. கெட்டுப்போகாது, அட்டையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சாப்பாட்டோடு சேர்ந்தால்கூட ஏறக்குறைய 85 சதவீதம் உடம்பில் ஏறும். கல்லீரல் அதை மாற்றிக்கொள்ளும். கீரை கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும். கர்ப்பத்துக்கு முந்தைய சில வாரங்களில் கீரையை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் முதுகெலும்பை விடக்கூடாது என்பதே நான் சொல்வது.

இந்தச் சத்தைக் கண்டுபிடித்த கதையை உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். அது நம் ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகிறது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் வீடுகளில் கர்ப்பிணிகள் கடுமையான ஒருவகை ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்த அணுக்கள் குறைவாகவும் அளவுக்கு மீறிப் பெரிதாகவும் இருந்தன. இடையில் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை பார்த்த அவர், ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் எழுந்து உட்கார்கிறார்கள் என்று 1931-ல் எழுதினார். அதில் இருந்த மருந்து எது என்று பத்து வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1941-ல் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், ரோஜர் வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். அதிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள். அந்த ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தது 1893-ல், நம் ஊட்டியில்.

கீரையைப் பிழிந்து உலகத்துக்கே மருந்து தர முடியாது. அதை ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டும். 1945-ல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செய்துகாட்டியது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. பீமாவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொண்டுபோயிருந்தது. அந்த நோயின் ரத்தசோகையைத் தீர்க்கும் மருந்து ஃபோலிக் ஆசிட்தான். தன் சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்தை ஊருக்கெல்லாம் செய்து கொடுத்த மனிதர் அவர் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யானைக்கால் நோயை ஒழிக்க நம் டெல்டா கிராமங்களில் வீடுவீடாகப் போய், கண்ணெதிரே விழுங்க வைத்தீர்களே டி.இ.சி. மாத்திரை, அதையும் யானைக்கால் நோய்க்கு மருந்தாக்கியது சுப்பாராவின் லெடர்லி குழுவே. அவருடைய ஒரு மாத்திரையை வாசல் வாசலாகக் கொண்டுபோன துறை இது. இன்னொன்றுக்கும் அதே கால்கள் நடக்கும் என்று நம்புகிறேன்.

மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை வந்துவிட்டது. ஏற்கெனவே நரம்புக்குழல் மூடாத குறையோடு ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனை 1991-ல் வெளியானது. தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களில் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 1998 முதல் அமெரிக்காவில் மாவில் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது கட்டாயம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,300 குழந்தைகள் இதனால் குறையில்லாமல் பிறக்கின்றன.

நமக்கு மிகவும் பொருந்துவது சீனாவில் 1993-லிருந்து 1995 வரை நடந்த முயற்சி. அங்கே மாத்திரையைக் கர்ப்பம் தெரிந்த பிறகு தரவில்லை. கல்யாணத்துக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையின்போதே பெண்ணின் கையில் கொடுத்தார்கள். தினம் 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம் மட்டும். வட மாவட்டங்களில் ஆயிரத்துக்கு 4.8 என்றிருந்த நரம்புக்குழல் குறை, கருத்தரிக்கும் காலத்தில் மாத்திரை சாப்பிட்ட பெண்களிடம் 1.0 ஆக இறங்கியது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் நம் நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு நான்கு என்ற அளவில் இந்தக் குறை இருப்பதாகச் சொல்கிறார்கள். வட சீனாவின் பழைய கணக்குக்குப் பக்கத்தில் நாம் நிற்கிறோம். ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்து கலைக்க நேர்பவை பிறப்புக் கணக்கில் ஏறுவதில்லை. ஸ்கேன் சென்டர் வாசலில் பேச்சில்லாமல் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் ஜோடிகளை என் கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

சரி, நாம் ஒன்றும் செய்யவில்லையா? செய்கிறோம். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறோம். அதில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 0.5 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் மாதவிடாய் வயதுப் பெண்களுக்கு வாரம் ஒருமுறை தரும் மாத்திரைக்குப் பரிந்துரைத்திருப்பதும் அதே 60 மில்லிகிராம் இரும்புதான். ஃபோலிக் ஆசிட் மட்டும் 2.8 மில்லிகிராம். கணக்கு எளிது: ஒரு நாளைக்கு 0.4, ஏழு நாளைக்கு 2.8. நாம் ஏழு நாளைக்கும் சேர்த்துத் தருவது 0.5.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. கொடுக்கும் டீச்சர் இருக்கிறார், விழுங்கும் பிள்ளை இருக்கிறாள், தண்ணீர்க் குவளையும் இருக்கிறது. உள்ளே இருக்கும் அளவு மட்டும் போதவில்லை. அளவை மத்திய அரசின் வழிகாட்டுதல் நிர்ணயிக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டுக்கென்று 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்துக் கொள்முதலில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு வளர்ந்தவர்கள் நாம். 2.8 மில்லிகிராம் அளவுக்கு டெண்டர் விட நமக்குத் தெரியும். டெல்லியில் எடுத்துப் பேசவும் நமக்கு வாய் இருக்கிறது.

ரேஷன் கடையின் செறிவூட்டிய அரிசியிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது, நல்லது. ஒரு கிலோவில் 75-லிருந்து 125 மைக்ரோகிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடும் பெண்ணுக்கு அதிலிருந்து வருவது 40-ஐத் தாண்டாது. வேண்டியது 400. அதிலும் சத்து சேர்த்துக் கலக்கும் அந்த மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே பள்ளியைத் தாண்டிய பெண்களுக்கும் வழி வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம், குழந்தை பெறும் வயதில் இருக்கும் தம்பதியரை எழுதிவைக்கும் 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு' இருக்கிறது. ஊரில் எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள் என்பது அவருக்கு மாமியாருக்கு அடுத்தபடியாகத் தெரியும். இப்போது அந்தப் பதிவேடு பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கே பயன்படுகிறது. பெயர் எழுதும் அன்றே 0.4 மில்லிகிராம் மாத்திரை மூன்று மாதத்துக்கு அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். தீரத் தீர மறுபடி கொடுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கும் கை, மருமகளுக்கும் ஒரு அட்டையை நீட்டட்டும். திருமணப் பதிவு அலுவலகத்திலும் தரலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பலர் பாஸ்போர்ட்டுக்காகவோ விசாவுக்காகவோ தேவை வரும்போதுதான் பதிவு செய்யப் போகிறார்கள்.

0.4 என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் 5 மில்லிகிராம். மற்ற கடைகளிலும் அப்படித்தான். முன்பு ஒரு குழந்தைக்கு இந்தக் குறை வந்த தாய்க்கும், வலிப்புக்காக வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்ணுக்கும் டாக்டர் பார்த்து எழுத வேண்டிய அளவு அது. எல்லோருக்கும் மாதக்கணக்கில் பன்னிரண்டு மடங்கு தர வேண்டியதில்லை. அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உடம்பில் பி12 வைட்டமின் குறைவாக இருப்பவருக்கு ஃபோலிக் ஆசிட்டை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். முட்டையும் மீனும் தொடாத வீடுகளில் பி12 குறைவு சாதாரணம். மாத்திரையில் கொஞ்சம் பி12 சேர்க்க முடியுமா என்று உங்கள் நிபுணர்கள் யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கொஞ்ச காலமாக 'ஆக்டிவ்' என்ற சொல்லோடு, இதே சத்தின் இன்னொரு வடிவமான எல்-மெத்தில்ஃபோலேட் அட்டைகள் வருகின்றன. "சாதாரண ஃபோலிக் ஆசிட் பாதிப் பேருக்கு வேலை செய்யாது" என்று மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள் என்னிடமே சொல்கிறார்கள். விலை பல மடங்கு. கூலிவேலைக்குப் போகும் பெண் அதற்கான சீட்டோடு வந்து, விலையைக் கேட்டு, "பத்து நாளைக்கு மட்டும் குடுங்க" என்று வாங்கிப்போகிறாள். அதோடு நிறுத்தியும் விடுகிறாள். நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் சாதாரண ஃபோலிக் ஆசிட்டை வைத்து நடந்தவை. நரம்புக்குழல் குறையைத் தடுக்கும் என்று நிரூபணமானது அதுவே. அதைச் செரித்து மாற்றும் மரபணு கொஞ்சம் மந்தமாக இருப்பவர்களுக்கும் அது பலன் தருகிறது. ஒரு டீ விலைக்கு நாலைந்து நாள் மாத்திரை கிடைக்கும்போது, ஏழைப் பெண்ணை விலை அதிகமான அட்டைக்குத் தள்ள வேண்டாம் என்று டாக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள்.

இந்த மாத்திரை எல்லாப் பிளவையும் தடுக்காது. அதை நான் மறைக்கவில்லை. அந்த அப்பாவின் மகளை அது நிச்சயம் காப்பாற்றியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நானும் கொடுக்கவில்லை. அந்த அம்மா கல்யாணமான புதிதில் என் கடைக்கு வந்து தலைவலி மாத்திரையும் பவுடரும் வாங்கிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா? குழந்தை பெற நினைக்கிறீர்களா? ஒரு சத்து மாத்திரை பற்றி என்னிடம் கேளுங்கள்." ஐந்து மாதத்தில் ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் மாப்பிள்ளைகள். ஒரு கடையால் முடிந்தது இவ்வளவுதான்.

அந்தச் சிறுமிக்கும் பள்ளியில் நீல மாத்திரை தருகிறார்களாம். போன மாதம் அவள் அப்பா அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "இது எதுக்குக்கா?" என்று கேட்டார். ரத்தம் ஊற என்று சொன்னேன். பிளவோடு பிறந்த பெண் என்பதால், வளர்ந்து தாயாக நினைக்கும் காலத்தில் அவளுக்கு டாக்டர் சொல்லும் அதிக அளவு வேண்டியிருக்கும், மறக்காமல் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதீட்டர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

நீல மாத்திரையின் அளவை மாற்றுவது பற்றியும், புதுத் தம்பதியருக்கு 0.4 மில்லிகிராம் மாத்திரை தருவது பற்றியும் துறையின் முடிவைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து மருந்தாளுநர் ஒருவர்